எம்1 பயணத்துக்குப் பழைய டீசல் எஸ்டேட் கார்: எதை நம்பி வாங்குவது?

கேள்வி: நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள் எம்1 மோட்டார்வே வழியாக மில்டன் கீன்ஸுக்கு வேலைக்குப் போய்வருகிறேன்; ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 மைல் ஆகிறது. மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் லண்டனின் ஹரோவில் உள்ள மாமியார் வீட்டுக்குக் குடும்பத்துடன் போய், சனி இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்புவோம். மாமியாரின் சக்கர நாற்காலியையும் பிள்ளைகளின் சாமான்களையும் ஏற்ற, பின்பக்கம் நீண்டு சாமான் இடம் மிகுந்த எஸ்டேட் கார் வேண்டும். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு நாட்களில் அதே காரில் மனைவி பிள்ளைகளைப் பள்ளியில் விடுவார். பள்ளி ஒன்றரை மைல் தூரம். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு விற்பனையாளரிடம் உள்ள, 2017இல் பதிவான '17' எண்தகட்டு ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட், 2.0 டீசல், ஆறு கியர் டி.எஸ்.ஜி. (தானியங்கி கியர்பாக்ஸ்), 118,000 மைல் ஓடியது. மற்றது, தனியார் ஒருவர் விற்கும் 2013ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 320டி டூரிங் (அதுவும் எஸ்டேட்தான்), 61,000 மைல் ஓடியது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். குறைவாக ஓடியதையே வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் பயன்பாட்டை வைத்துப் பார்த்தால், ஆவணங்கள் சரியாக இருக்கும் பட்சத்தில் சூப்பர்ப் காரையே வாங்குங்கள் என்பேன். பி.எம்.டபிள்யூ. நல்ல கார்தான், ஆனால் உங்கள் பயணங்களுக்கு அது பொருந்தாது. நண்பர்கள் சொல்வது பெட்ரோல் கார்களுக்கு ஓரளவு பொருந்தும் கணக்கு. டீசல் காரைப் பொறுத்தவரை, மீட்டரில் உள்ள எண்ணைவிட அந்த மைல்கள் எந்தச் சாலையில், எத்தனை நிமிடப் பயணங்களாக ஓடியவை என்பதே எஞ்சினின் நலத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில், உங்களுக்கு டீசல் தேவையா என்பதைப் பார்த்துவிடலாம். வேலைப் பயணமும் ஹரோ பயணமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 மைல் வருகிறது. இந்த அளவுள்ள ஒரு டீசல் எஸ்டேட் மோட்டார்வேயில் கேலனுக்கு 55 மைலும், இணையான பெட்ரோல் கார் 42 மைலும் தரும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 450 லிட்டருக்கும் மேல் எரிபொருள் மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, வாரத்தில் மூன்று நாட்கள் ஒரே மூச்சில் 50 மைல் ஓடுவது டீசல் எஞ்சினுக்குத் தேவையான வெப்பத்தைத் தருகிறது. ஆகவே டீசல் உங்களுக்குப் பொருத்தமே. வேலை முழுவதும் வீட்டிலிருந்தே என்று எப்போதாவது மாறினால், அன்றே இந்த முடிவையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பள்ளிப் பயணத்துக்கு மட்டும் ஒரு டீசல் காரை வைத்திருப்பது வீண் செலவில்தான் முடியும்.

அடுத்தது ஹரோ. புகை மிகுந்த வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் லண்டனின் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் அனைத்து பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) விரிவாக்கப்பட்டுவிட்டதால் ஹரோவும் அதற்குள் வருகிறது. டீசல் கார் யூரோ 6 என்ற புகை வெளியீட்டுத் தரத்தை எட்டாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். யூரோ 6 புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில்தான். 2013ஆம் ஆண்டு 320டி கார்களில் பெரும்பாலானவை யூரோ 5, யூரோ 6 தரத்தில் வந்தவை சிலவே. கட்டணம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று கணக்கிடப்படுவதால், நீங்கள் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கட்டணம் விழும். மாதத்துக்கு நான்கு நாட்கள், ஆண்டுக்கு 48 நாட்கள்; அது 600 பவுண்டு. பர்மிங்காம், பிரிஸ்டல் நகரங்களின் தூய காற்று மண்டலங்களும் டீசலுக்கு யூரோ 6 தரத்தையே கேட்கின்றன. எந்தக் காரானாலும், விலை பேசுவதற்கு முன்னால் அதன் பதிவெண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். இணையதளத்தில் இட்டுப் பார்த்துவிடுங்கள். விற்பவரின் வாய்மொழியையோ ஆண்டுக் கணக்கையோ நம்ப வேண்டாம்.

இப்போது நண்பர்கள் சொல்லும் அந்தக் குறைந்த மைல்களுக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு கார் 61,000 மைல் ஓடியிருக்கிறது என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 5,000 மைல். அதாவது வாரத்துக்கு 100 மைலுக்கும் குறைவு. அந்த மைல்கள் பெரும்பாலும் கடை, பள்ளி, உறவினர் வீடு என்று பத்து நிமிட ஓட்டங்களாகவே இருந்திருக்கக் கூடும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் குளிர்ந்த நிலையில் தொடங்கி, முழு வெப்பத்தை எட்டுமுன் அணைக்கப்பட்டிருக்கும். டீசல் எஞ்சினை இதைவிட வதைப்பது வேறில்லை. காரணத்தைச் சற்று விளக்குகிறேன், ஏனெனில் உங்கள் மனைவியின் பள்ளிப் பயணத்துக்கும் இதுவே பொருந்தும்.

இந்த இரண்டு கார்களிலுமே, கராஜுகளில் டி.பி.எஃப். என்று சொல்லப்படும் புகைக்கரி வடிகட்டி புகைக்குழாயில் உண்டு. எஞ்சினிலிருந்து வரும் கரித்துகள் அதில் தங்கும். மோட்டார்வேயில் நீண்ட நேரம் ஓடும்போது புகையின் சூட்டிலேயே அந்தக் கரியில் ஒரு பகுதி மெல்ல எரிந்துபோகும். போதாதபோது எஞ்சின் கணினி கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்திக் கரியை எரிக்கும். இந்த எரிப்புச் சுற்று முடிய பத்து முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வரை ஆகலாம். பாதியில் காரை அணைத்தால் கரி எரிந்து முடியாது; அதற்காகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். இது நாள்தோறும் நடந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எண்ணெய் நீர்த்துப்போகும், நீர்த்த எண்ணெயை நம்பியிருக்கும் டர்போவும், வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு இணைத்து இயக்கும் டைமிங் செயினும் தேயும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வும் குளிர்ந்த ஓட்டங்களில்தான் வேகமாகக் கரி பிடிக்கிறது. ஆகவே 61,000 மைல் ஓடிய நகரக் காரின் எஞ்சின், 118,000 மைல் மோட்டார்வேயில் ஓடிய காரின் எஞ்சினைவிட மோசமாக இருப்பதில் வியப்பேதும் இல்லை.

பி.எம்.டபிள்யூ. காரில் இதற்கு மேலும் ஒரு கவலை உண்டு. அந்த ஆண்டு 320டி காரில் இருப்பது 2007இல் அறிமுகமான என்47 குடும்பத்து எஞ்சின். அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளின் எஞ்சின்களில் அந்தச் செயின் தேய்ந்து அறுந்த சம்பவங்கள் பரவலாக அறியப்பட்டவை. பிந்தைய ஆண்டுகளில் பாகங்கள் திருத்தப்பட்டதால் ஆபத்து குறைந்தது, முற்றிலும் நீங்கிவிடவில்லை. செயின் இருக்கும் இடத்தின் காரணமாக அதை மாற்றும் வேலை பெரியது, கூலியும் பெரியது. தவிர, 2018 முதல் பல பி.எம்.டபிள்யூ. டீசல் மாடல்கள் ஈ.ஜி.ஆர். குளிர்விப்பானில் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காரை எவர் வாங்குவதானாலும் அரசின் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொண்டு திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

இனி சூப்பர்ப். இதைச் சரிபார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனைக்கான அரசின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவெண்ணை இட்டால் கட்டணமின்றி ஒவ்வோர் ஆண்டுச் சோதனையின் முடிவும், அன்றைய மீட்டர் எண்ணும், சோதகரின் எச்சரிக்கைக் குறிப்புகளும் கிடைக்கும். தேர்ச்சியா தோல்வியா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆண்டுக்காண்டு மைல்கள் எவ்வளவு ஏறின என்று எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 வரை சீராக ஏறியிருந்தால் அது நெடுந்தூர வேலைப் பயணத்தின் தடம். 2020, 2021 ஆண்டுகளில் இடையே குறைந்திருந்தால் கவலை வேண்டாம், பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாக் கார்களும் நின்றன. 2020 வசந்த காலத்தில் எம்.ஓ.டி.க்கு ஆறு மாத நீட்டிப்பு தரப்பட்டதால் முதல் சோதனை தாமதமாக நடந்திருந்தாலும் அது குற்றமில்லை. ஆனால் அதன் பின்னும் மைல்கள் சரிந்தே இருந்து, ஆண்டுக்கு மூவாயிரம் நாலாயிரம் என்றானால், கார் கைமாறி நகர ஓட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அப்படியானால் மேலே சொன்ன பாராட்டு எதுவும் இந்தக் காருக்கும் பொருந்தாது.

இன்னொன்று: புதிய காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் எம்.ஓ.டி. கிடையாது. ஆகவே 2017 முதல் 2020 வரையிலான காலத்துக்கு அரசின் பதிவு எதுவும் இருக்காது. மீட்டரைத் திருப்பி வைக்க நினைப்பவர்களுக்கு வசதியான இடைவெளி இதுதான். அந்த மூன்று ஆண்டுகளுக்கான சர்வீஸ் பதிவுகளைத் தனியே கேட்டு வாங்குங்கள். ஸ்கோடாவின் பதிவுகள் கணினியில் இருப்பதால், விற்பனையாளர் அங்கீகரிக்கப்பட்ட கராஜ் ஒன்றிலிருந்து அச்சிட்டுத் தரலாம். ஒவ்வொரு சர்வீஸிலும் தேதி, மைல், பயன்படுத்திய எண்ணெயின் தரம் மூன்றும் தெரிய வேண்டும். இந்த எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வாகன் 507 00 தரச் சான்று பெற்ற, சாம்பல் குறைந்த எண்ணெய் தேவை. வேறு எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் ஓடும்தான், ஆனால் அதிலிருந்து வரும் சாம்பல் வடிகட்டியில் தங்கும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது.

ஆவணங்களில் இரண்டு ரசீதுகளைக் குறிப்பாகத் தேடுங்கள். முதலாவது, டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸின் எண்ணெய் மாற்றம். ஆறு கியர் டி.எஸ்.ஜி.யின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியே இயங்குகின்றன; அந்த எண்ணெயையும் வடிகட்டியையும் ஒவ்வொரு 40,000 மைலுக்கும் மாற்ற வேண்டும். அதன்படி 118,000 மைல் ஓடிய கார் இரண்டு முறை இதைச் செய்திருக்க வேண்டும், மூன்றாவது 120,000 மைலில் வரப்போகிறது. ஒரு ரசீதுகூட இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இரண்டும் இருந்தால், மூன்றாவதை விற்பனையாளர் செலவிலேயே செய்து தரும்படி கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. இரண்டாவது, டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் செயின் இல்லை, பெல்ட். மாற்ற வேண்டிய இடைவெளியை அந்தக் காரின் அடையாள எண்ணைச் சொல்லி ஸ்கோடா கராஜில் கேட்டறியுங்கள். ஆண்டு, மைல் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. ரசீது இல்லாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட் என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மாற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் பம்பின் மேலுள்ள நகரும் உறை சிக்கிக்கொண்டு எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும் கோளாறு அறியப்பட்டது, பெல்ட்டைக் கழற்றாமல் அந்தப் பம்பை அணுகவும் முடியாது.

சூப்பர்ப் காருக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பின்னிருக்கையில் இடம் தாராளமாக இருப்பதால் இந்தக் காரை வாடகைக் கார் ஓட்டுநர்கள் விரும்பி வாங்குகிறார்கள். விமான நிலையத்துக்குப் போய்வந்த மைல் வேறு, நகரத்துக்குள் இரவெல்லாம் காத்துக் கிடந்து ஓடிய மைல் வேறு. பின் கதவுகளின் படிகள் தேய்ந்து பளபளப்பதும், பின்னிருக்கை முன்னிருக்கையைவிட நைந்திருப்பதும், பின் பம்பரில் உரிமத் தகடு மாட்டிய துளைகள் அடைக்கப்பட்டிருப்பதும் அதன் அடையாளங்கள். ஐயமிருந்தால் உள்ளூர் கவுன்சிலின் வாடகைக் கார் பதிவேட்டில் எண்ணைத் தேடலாம்.

சாலை வரியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. '17' எண்தகடு 2017 மார்ச் 1ஆம் தேதி புழக்கத்துக்கு வந்தது. வரி முறை மாறியது அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி. மார்ச்சில் பதிவான சூப்பர்ப் டீசலுக்குக் கரியமில வாயு அளவின்படி ஆண்டுக்குச் சில பத்துப் பவுண்டுகள்தான் வரி. ஏப்ரலில் பதிவானால் பொதுவான விகிதம். 2025-26இல் அது 195 பவுண்டு. எண்தகடு ஒன்றாக இருந்தாலும் வரி ஒன்றல்ல என்பதால், வி5சி பதிவுப் புத்தகத்தில் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள்.

காரைப் பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பனையாளரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். இயக்குவதற்கு முன் எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பது டீசலில் இயல்பு. அளவு மேல்கோட்டைத் தாண்டி நிற்பதும், எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாடை அடிப்பதும் இயல்பல்ல. எரிப்புச் சுற்றுகள் பாதியில் நின்றுபோனதன் விளைவு அது.

பிறகு காரின் பின்பக்கம் குனிந்து புகைக்குழாயைப் பாருங்கள். சில கார்களில் பம்பரில் தெரிவது வெறும் அலங்காரம், உண்மையான குழாய் உள்ளே கீழ்நோக்கி வளைந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குழாயின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். வடிகட்டி நலமாக இருந்தால், ஒரு லட்சம் மைல் ஓடிய டீசல் காரிலும் சாம்பல் நிறத் தூசு சிறிதே ஒட்டும். மைபோல் கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். வடிகட்டி பொருத்தி வந்த காரில் அது இல்லாமலிருந்தால் 2014 பிப்ரவரி முதல் எம்.ஓ.டி. தோல்விதான், அதன் கூட்டை வெட்டித் திரும்பப் பற்றவைத்த தழும்பு தெரிந்தாலும் அந்தக் காரின் பக்கமே போக வேண்டாம்.

நெடுந்தூரம் ஓடிய காருக்கு உடம்பிலும் அடையாளங்கள் இருக்கும். பானட்டின் முனையிலும் முன் பம்பரிலும் சிறு கற்கள் பட்ட புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். ஓட்டுநர் இருக்கையின் கதவோரத் திண்டு அதிகம் நசுங்கியிருக்காது, ஏனெனில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கியவரின் இருக்கை அது. சக்கர விளிம்புகளில் நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள் குறைவாக இருக்கும். 118,000 மைல் ஓடியதாகச் சொல்லும் காரின் பானட் ஒரு புள்ளிகூட இல்லாமல் மின்னினால் அதை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல், ஏன் மறுவண்ணம் பூசப்பட்டது என்று கேளுங்கள். முன் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால், முன்னே போகும் வாகனங்களைக் கவனிக்கும் கேமரா அதன் பின் சீரமைக்கப்பட்டதற்கான ரசீதும் வேண்டும்.

சோதனை ஓட்டத்தை விற்பனையாளரின் தெருவைச் சுற்றிவருவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், அதில் இருபது நிமிடமாவது மோட்டார்வேயிலோ இரட்டைச் சாலையிலோ ஓட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மெதுவாக ஊர்ந்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள், டி.எஸ்.ஜி. திக்கித் திணறி அதிர்ந்தால் கிளட்சுகளோ அதன் கட்டுப்பாட்டுப் பகுதியோ பழுது. எஞ்சின் வெப்பமுள் 90இல் ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ வேகமாகப் போகும்போது கீழே இறங்கினாலோ எஞ்சின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. அது சிறிய பாகம்தான், ஆனால் எஞ்சின் போதிய சூட்டை எட்டாவிட்டால் வடிகட்டியின் எரிப்புச் சுற்றும் தொடங்காது. மணிக்கு 70 மைல் வேகத்தில் கடைசி கியரில் எஞ்சின் சுற்று 2,000க்குக் கீழே நிதானமாக நிற்க வேண்டும். அந்த வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் சக்கரச் சமநிலைக் கோளாறு. வேகத்தோடு கூடும் 'ஊ' என்ற முழக்கம், பாதை மாறும்போது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தணிந்தால் அது சக்கர பேரிங். ரேடியோவை அணைத்துவிட்டு, விற்பனையாளரிடமும் சற்றுப் பேசாமல் வரும்படி கேட்டுக்கொண்டு கேளுங்கள்.

முடிந்தால் ஒரு சுயாதீன மெக்கானிக்கையோ, ஏ.ஏ., ஆர்.ஏ.சி. போன்ற வாகன உதவி அமைப்புகளின் பரிசோதகரையோ வரவழையுங்கள். பழுதறியும் கருவியை மாட்டினால் வடிகட்டியில் உள்ள கரியின் அளவு, சாம்பலின் அளவு, கடைசி எரிப்புச் சுற்றுக்குப் பின் ஓடிய தூரம் எல்லாம் எண்களாகத் தெரியும். சில நூறு மைலுக்கு ஒருமுறை எரிப்பது ஆரோக்கியம். ஐம்பது மைலுக்கு ஒருமுறை எரித்தால் வடிகட்டி நிறைந்துவிட்டது. அதே கருவியில், புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ அமைப்பின் பிழைக் குறியீடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் 32.5 விழுக்காடு யூரியா கலந்த அந்தத் திரவம் தீர்ந்துபோனால், அணைத்த எஞ்சின் மறுபடி இயங்காது. தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றியும் புகையை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் வயதானால் பழுதாகக் கூடியவை, விலையும் குறைவல்ல.

சக்கர நாற்காலியைப் பற்றி. சூப்பர்ப் எஸ்டேட்டின் டிக்கி 660 லிட்டர். 3 சீரிஸ் டூரிங்கில் 495. ஆனால் லிட்டர் கணக்கு நாற்காலிக்கு உதவாது. மாமியாரின் நாற்காலியையே கையோடு கொண்டுபோய், உங்கள் மனைவி தனியாக ஒருமுறை மடித்து ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரம், நாற்காலியை வைத்தபின் பின்கதவு மூடுகிறதா, பிள்ளைகளின் இருக்கைகளைப் பொருத்திய பிறகும் இடமிருக்கிறதா என்பதையெல்லாம் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, உதிரிச் சக்கரக் குழியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்விளக்கு ரப்பரோ கதவு ரப்பரோ கசிந்தால் தண்ணீர் அங்குதான் தேங்கும். இழுவைக் கொக்கி மாட்டியிருந்தால் எதை இழுத்தார்கள் என்று கேளுங்கள். கேரவன் என்று பதில் வந்தால் கியர்பாக்ஸைக் கூடுதல் கவனத்தோடு சோதிக்க வேண்டும்.

விற்பனையாளரிடம் வாங்குவதில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பழுதுள்ள காரை 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆறு மாதங்களுக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது விற்பனையாளர் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, விவரித்தபடி கார் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். காரின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்குள்ளும் இருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். காரின் மீது கடன் நிலுவை உள்ளதா, சேதமடைந்து காப்பீட்டு நிறுவனம் எஸ் அல்லது என் பிரிவில் கைவிட்ட காரா என்று காட்டும் வரலாற்றுச் சோதனைக்குச் சிறு தொகை செலவழியுங்கள். வி5சி புத்தகம் காரை வைத்திருப்பவராகப் பதிவானவர் யார் என்பதைத்தான் சொல்கிறது, உரிமையாளர் யார் என்பதை அல்ல.

இந்தச் சூப்பர்ப் தேறாவிட்டால் அவசரப்பட வேண்டாம். அதே எஞ்சின் குடும்பத்தைக் கொண்ட ஃபோக்ஸ்வாகன் பஸாட் எஸ்டேட், சற்றுச் சிறிய ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட், உலர் பெல்ட் (எண்ணெயில் மூழ்காத டைமிங் பெல்ட்) எஞ்சினுடன் வந்த 2019க்கு முந்தைய ஃபோர்டு மான்டியோ எஸ்டேட் ஆகியவை சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றில் எனக்குப் பஸாட்டே முதல் தேர்வு. இருக்கையும் ஒலித் தடுப்பும் மோட்டார்வேக்கென்றே அமைந்தவை. எதுவானாலும் 19 அங்குலச் சக்கரங்களைவிட 17 அங்குலச் சக்கரங்கள் உள்ளதைத் தேடுங்கள். டயர் செலவும் குறைவு, மோட்டார்வே இரைச்சலும் குறைவு.

கடைசியாக, பள்ளிப் பயணம். வாரத்தில் மூன்று நாட்கள் நீங்கள் மில்டன் கீன்ஸ் போய்வருவதால் வடிகட்டி தானாகவே சுத்தமாகிவிடும். இரண்டு நாள் குறுகிய ஓட்டம் அதைக் கெடுத்துவிடாது. ஆனால் எரிப்புச் சுற்று நடக்கும் அடையாளங்களை உங்கள் மனைவிக்கும் சொல்லி வையுங்கள்: நின்றிருக்கும்போது எஞ்சின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து ஆயிரத்தை நெருங்கும், சிவப்பு விளக்கில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, காரை அணைத்த பிறகும் மின்விசிறி ஓடும், ஒருவகைச் சூட்டு வாடை வரும். அப்படித் தெரிந்த நாளில் வீட்டு வாசலில் அணைக்காமல், பதினைந்து நிமிடம் சீரான வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரட்டும். நீங்கள் பல வாரங்கள் விடுமுறையில் வீட்டிலிருந்தால், பத்து நாளுக்கு ஒருமுறை எம்1இல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். காரை வாங்கிய முதல் வாரத்திலேயே, ஆவணம் என்ன சொன்னாலும், எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். அதன் பின் பலரும் தேர்ந்தெடுக்கும் இரண்டாண்டு நீள் இடைவெளியைத் தவிர்த்து, ஒவ்வொரு 10,000 மைலுக்கும் மாற்றுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது ஏழு மாதங்களுக்கு ஒருமுறை வரும்.